சந்தனம் வைத்த ஃபேன் பெல்ட்

எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து பேர் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பெல்ட்டுக்காரி' என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போயே ஆகவேண்டிய பெங்களூர் பொம்மனஹள்ளிச் சந்து எங்களுடையது. அந்தச் சந்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், நைட்டிக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, காரின் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் படுத்துக் கிடந்தவள் நான்தான். ஒளிந்து செய்யவில்லை. தேவைப்பட்டால் இன்னொரு தடவையும் செய்வேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கார்மேல் ஆசை எல்லாம் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்தான் அதை வாங்கினார், அதுவும் இன்னொருவர் ஓட்டித் தேய்த்த சின்ன வண்டி. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு கோலார் தங்கவயலுக்குப் போய்வந்தவள், அவ்வளவுதான். போன வருஷம் கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஓசூர் ரோட்டில் ஒரு ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் லேத் மெஷின் ஓட்டிய மனுஷன், ஒரு காலையில் பல் தேய்க்கப் போய், பிரஷ்ஷைப் பிடிக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது கையும் வலது காலும் போயின. குழறிய பேச்சு மட்டும் சில வாரங்களில் சரியாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார்: வாரம் மூன்று நாள் தெரபி, விடாமல் ஒரு வருஷம் செய்தால் கோல் ஊன்றியாவது நடப்பார், நடுவில் விட்டால் கால் விறைத்துக்கொள்ளும், அப்புறம் யார் வந்தாலும் மடக்க முடியாது. அதற்குப் பிறகு டாக்டர் என்னென்னவோ சொன்னார், எதுவும் காதில் ஏறவில்லை.

தெரபி கொடுக்கும் இடம் விவேக் நகரில். முதலில் ஆட்டோவில்தான் போனோம். ஆட்டோக்காரர் நல்லவர்தான். இவர் ஏற முடியாமல் தடுமாறுவதைப் பார்த்து, டீக்கடையில் நின்றிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாக கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைப்பதுபோல் தூக்கி உள்ளே வைத்தார்கள். அதில் இவருடைய பேன்ட் இடுப்பிலிருந்து நழுவிவிட்டது. நான் பிடிப்பதற்குள் தெருவே பார்த்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த பிறகுதான் சொன்னார்.

"இனிமே எங்கியும் என்னக் கூட்டினு போவாத. நான் இப்படியே கெடக்கிறேன்."

சொன்னபடியே கிடந்தார். இரண்டு மாதம். கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், சண்டையும் போட்டேன். தினமும் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது முட்டிக்குப் பின்னால் நரம்பு இறுகிக்கொண்டே வருவது என் விரலுக்குத் தெரிந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேறு யார் வந்து என்ன செய்யப் போகிறார்கள் என்று, நாற்பத்தேழு வயதில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றதெல்லாம் காலேஜ் பெண்கள். முதல் டெஸ்ட்டில் ஃபெயில், இரண்டாவதில் பாஸ்.

கார் என்றால் அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். வாசலிலேயே நிற்கும், தூக்க யாரும் வரவேண்டாம். முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு, அதன்மேல் வழுவழுப்பான லைனிங் துணி ஒன்றை விரிப்பேன். நான் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர், துணிக்குப் பஞ்சமில்லை. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும், துணியோடு சேர்த்துத் திருப்பினால் கால் இரண்டும் தானாக உள்ளே வந்துவிடும். யாரும் அவரைத் தொட வேண்டியதில்லை. ஆகஸ்டிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழரைக்கு நாங்கள் விவேக் நகரில் இருந்தோம். சில்க் போர்டு டிராஃபிக்கில் மூன்று தடவை எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். வாங்கினாலும் போய்ச் சேர்ந்துவிட்டோம். அக்டோபரில் அவர் கோலை ஊன்றி எழுந்து நின்றார்.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்குப் பெங்களூரில் பூசணிக்காய் உடைக்காத தெரு கிடையாது. பஸ்ஸிலிருந்து பால்காரர் சைக்கிள்வரை வாழைக்கன்றோடுதான் ஓடும். அவருடைய ஃபேக்டரியில் லேத்துக்கெல்லாம் பெல்ட் முதற்கொண்டு மூன்று மூன்று பொட்டு வைப்பார்கள் என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தார். ஓடுகிற பொருள் எதுவோ அதற்குத்தானே பூஜை? அதனால் கார் வந்த முதல் வருஷத்திலிருந்தே பானெட்டைத் திறந்து, உள்ளே சுற்றுகிற எல்லாவற்றுக்கும் நான் சந்தனம் குங்குமம் வைப்பேன். தண்ணீரில் குழைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெயில் குழைப்பது என் பழக்கம். அந்த வருஷம் சாமியிடம் கேட்க வேண்டியது எனக்கு நிறைய இருந்தது. ஆகவே சந்தனமும் நிறையவே வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை வண்டியைக் கிளப்பியதும் கீச்சென்று ஒரு சத்தம். சந்துக்குள் எல்லா ஜன்னலும் திறந்தன. சிக்னலில் நின்று கிளம்பும்போது மறுபடி அதே சத்தம். பானெட்டைத் திறந்து காது கொடுத்தேன், ஃபேன் பெல்ட் பக்கமிருந்து வந்தது. அந்தப் பெல்ட் ஃபேனைச் சுற்றுவதே இல்லை, டைனமோவையும் தண்ணீர் பம்பையும்தான் சுற்றுகிறது, ஆனாலும் ஊர் முழுக்க அதற்கு ஃபேன் பெல்ட் என்றுதான் பேர். நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவு கீச்சென்றால் எண்ணெய் விடுவோமே, அதுபோல தேங்காயெண்ணெயை எடுத்துப் பெல்ட்டின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு நாள் சத்தம் இல்லை. மறுநாள் இரண்டு மடங்காகக் கத்தியது.

இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. எங்கள் லைனில் நாற்பது தையல் மெஷின் இருக்கின்றன. பெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் முதலில் கத்துகிறவள் நான். வழுக்கும், துடை, நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்று பெண்களை விரட்டுவேன். மெக்கானிக் வராத நாளில் எத்தனையோ பெல்ட்டை நானே மாற்றியிருக்கிறேன். கார் என்றவுடன் அந்த அறிவெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தெரபி முடித்து அவரை வீட்டில் விட்டுவிட்டு ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.

"சார் வரலியா மேடம்?"

"எங்கிட்ட சொல்லுங்க."

"சார்கிட்ட சொன்னா புரியும் மேடம். பெல்ட்டு ஒண்ணுதானா, உள்ள வேற என்னென்ன இருக்குதோ. திங்கக்கிழமை விடுங்க, மூணு நாள்ல பாத்து சொல்றேன். இல்லன்னா வித்துடுங்க. பழைய வண்டிக்கு சும்மா ஏன் தலை கெடுத்துக்கிறீங்க?"

மூன்று நாள் வண்டி அங்கே நின்றால் இரண்டு தெரபி போய்விடும். மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. எனக்குத் தெரியும், ஒரு தடவை நின்றால் அவர் மறுபடி கிளம்பமாட்டார். அந்த இரண்டு மாதத்தைப் பார்த்தவள் நான். வாடகைக் கார் பிடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் சந்தின் குறுகலைப் பார்த்ததும் பாதி டிரைவர்கள் முனையிலேயே ரத்து செய்துவிட்டுப் போவார்கள். சரிதான் போடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். கத்திக்கொண்டேதான் திரும்பியது.

அன்று சாயங்காலம் போன் டார்ச்சை அடித்து, பெல்ட்டின் முதுகில் அச்சடித்திருந்த எண்களைப் படம் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க மெக்கானிக்குக்கு போன் போட்டு குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார்.

"பேசுங்க. நான்தான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவரே உள்ளே போய் ஒன்றுக்கு இரண்டு பெல்ட்டாக எடுத்து வந்தார். வெளிப்பக்கம் ஏ.சி.க்கு ஒன்று, அதைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் ஃபேன் பெல்ட்டைத் தொட முடியாது, அதனால் இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கி நழுவினாலும் வண்டி என்மேல் விழாதபடி அந்தச் சக்கரத்தையே வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன். அவர் உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஸ்பேனர் பெட்டியை அவர் கட்டிலுக்கு அடியிலிருந்துதான் எடுத்து வந்தேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு ஸ்கூட்டர்காரர் வண்டியை நிறுத்தி, "ஹெல்ப் வேணுமா மேடம்?" என்று கேட்டுவிட்டுக் கால் மணி நேரம் வேடிக்கை பார்த்தார். அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுங்கள் என்றேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

சக்கரம் இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டி, அதையும் கழற்றினால் பெல்ட் தெரிகிறது. துணியில் கோடு போடும் மார்க்கிங் சாக்கை எடுத்து, எந்த உருளையிலிருந்து எந்த உருளைக்குப் போகிறது என்று தரையில் வரைந்துகொண்டேன். டைனமோவின் போல்ட் துருப்பிடித்து நகரவே இல்லை. ஸ்பேனர் முனையில் ஜாக்கிக் கம்பியைச் செருகி, காலால் உதைத்தேன். மூன்றாவது உதையில் இளகியது, என் விரல் முட்டியில் தோலும் உரிந்தது. இரண்டு பழைய பெல்ட்டையும் உருவி வெளியே போட்டேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சம்பளம் கூட்டிப் போட்டபோதுகூட அப்படி இருந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. என் கொழுந்தனார், அதாவது கணவரின் தம்பி. தங்கவயலில் இருக்கிறார். கையெல்லாம் கரி, முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"அண்ணி, நாலு மணிக்கு பார்ட்டிய கூட்டினு வந்துடுறேன். வண்டிய கொஞ்சம் கழுவி வெச்சிடுங்க."

"எந்த பார்ட்டி?"

"வண்டி வாங்கற பார்ட்டி அண்ணி. அண்ணன் சொல்லலியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு விக்கிறா?" என்றேன்.

"அண்ணி, எம்மேல கோவப்படாதீங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன். அவுருதான் நாலு தடவ போன் பண்ணாரு. ஃபார்ம் எடுத்துனு வா, எடது கையில கையெழுத்து போடப் பழகிட்டேன்னு சொன்னாரு."

கையெழுத்து. இரண்டு வாரமாகப் பேப்பர் ஓரத்தில் எல்லாம் கோணல்மாணலாக அவர் பெயர் எழுதியிருந்தது. தெரபியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், மனுஷனுக்குப் பிழைக்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, லைனில் இருக்கும் பெண்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

எழுந்து நேராக உள்ளே போனேன்.

"யாரக் கேட்டு வண்டிய விக்கிற நீ?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அவரும் திரும்பிப் பார்த்தார்.

"அந்த சத்தம் கேக்க முடியல," என்றார்.

"சத்தம் போவறதுக்குத்தான் காலைலேருந்து மண்ணுல படுத்துனு கெடக்கிறேன்."

"அதச் சொல்லல. சிக்னல்ல ஒருத்தன் விடாம திரும்பிப் பாக்கிறான். நீ ஓட்டுற, நான் பொம்ம மாதிரி பக்கத்துல உக்காந்துனு இருக்கிறேன். பெல்ட்டு மாத்தறது பத்து நிமிஷ வேல. கை இருந்தா பத்து நிமிஷம். அதுக்கு நீ கண்டவன் கட வாசல்ல போய் நிக்கிற. எனக்காக நீ இப்படி அவஸ்தப்பட வேணாம். வித்துட்டா விட்டுது தொல்ல."

எனக்குப் பாவமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பாவம் பார்த்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"வண்டி போச்சுன்னா நீ இந்தக் கட்டில விட்டு எறங்க மாட்ட. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். வண்டிய விக்கல நீ, கால விக்கிற. அது உனக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சிக்கினியா? ரெண்டு மாசம் ராப்பகலா எண்ணெ தேச்சவ நான். என்ன ஒரு வார்த்த கேக்கல, தம்பிக்கு நாலு தடவ போன் பண்ணத் தெரியுது."

கதவுவரை போய்விட்டுத் திரும்பி நின்றேன்.

"எனக்குக் கை இருக்குது. உனக்கு வாய் இருக்குது. பத்து நிமிஷ வேலன்னு சொன்ன இல்ல? வெளிய வந்து சேர்ல உக்காந்து சொல்லு, எப்படின்னு. இல்லன்னா வாய மூடிக்கினு படு. நாலு மணிக்கு எவன் வந்தாலும் சக்கரத்த மாட்டாமயே வெச்சிருப்பேன், எப்படி எடுத்துனு போறான்னு பாக்கிறேன்."

வந்து மறுபடி தரையில் படுத்தேன். எந்த போல்ட்டைத் தொட வேண்டும் என்றே மறந்துபோயிற்று. தரையில் வரைந்திருந்த படத்தை வெறித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வாசற்படியில் டொக்கென்று ஒரு சத்தம். வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் தரை மட்டத்தில் இருப்பவை மட்டும்தான் தெரியும். அவருடைய நாலு கால் கோலின் ரப்பர் முனைகள் தெரிந்தன. பிறகு இடது கால். பிறகு இழுத்துக்கொண்டு வலது கால். கட்டிலிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு அடி, அதுவரை நான் பிடிக்காமல் அவர் வந்ததே இல்லை. எழுந்து ஓடிப்போய்ப் பிடிக்க உடம்பெல்லாம் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தே கிடந்தேன். கோல், கால், கால். கோல், கால், கால். பிளாஸ்டிக் நாற்காலி கிரீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

அவர் குனிந்து இடது கையால் பழைய பெல்ட்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கின் அருகே கொண்டுபோனார்.

"நல்லெண்ணெ," என்றார். "மேல தேங்காயெண்ணெயா?"

"ஆமா."

"சந்தனம் வெச்சத தொடைக்கவே இல்லியா?"

"சாமிக்கு வெச்சத யாராவது தொடைப்பாங்களா?"

"நான் தொடைப்பேன்," என்றார். "வருஷா வருஷம். பூஜைக்கு மறுநாள் காலைல, நீ குளிக்கப் போற நேரத்துல. பெட்ரோல்ல துணிய நனச்சி பெல்ட்டுல இருக்கறத மட்டும் தொடச்சிடுவேன். இல்லன்னா மூணாம் நாளே கத்தும்."

"லேத்துல வெப்போம்னு நீதான சொன்ன?"

"லேத்துல தண்ணியில கொழச்சி வெப்போம். சாயந்தரம் நாங்களே தொடச்சிடுவோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவ்ளோ பக்தியா வெக்கிற. எப்படி சொல்றது?"

ஏழு வருஷம். என் மனசும் நோகக்கூடாது, வண்டியும் நிற்கக்கூடாது என்று, ஏழு வருஷமாக இந்த மனுஷன் நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் துணியும் கையுமாக நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் வாயிலிருந்து வெளியே வந்தது கோபம்தான்.

"வாயத் தொறந்து சொல்லியிருந்தா இந்த வருஷம் நானே தொடச்சிருப்பேன் இல்ல? தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்த வெச்சிட்டு, சத்தம் தாங்கலன்னு வண்டிய வேற விக்கறியா?"

அவர் சிரித்துவிட்டார். வாயின் இடது ஓரத்தால்தான் சிரிக்க முடியும், ஆனாலும் அது சிரிப்புதான். "உருளைங்கள தொடச்சியா?" என்றார். "அதுலயும் எண்ணெ இருக்கும். புது பெல்ட்டு போட்டாலும் வழுக்கும்." நான் துடைத்திருக்கவில்லை. பெட்ரோலில் துணியை நனைத்து ஒவ்வொரு உருளையாகத் துடைத்தேன். துணியில் மஞ்சளும் சிவப்புமாக என் பூஜை முழுவதும் வந்தது.

புதுப் பெல்ட்டை மாட்டுவது பழையதைக் கழற்றுவதைவிடக் கஷ்டம். நீளாது, வளையாது. டைனமோவை இன்னும் தளர்த்தி ஒரு வழியாக ஏற்றினேன். ஆயிற்று என்றேன்.

"பள்ளம் எண்ணிப் பாரு."

"சரியாத்தான் இருக்குது."

"எண்ணு."

பெல்ட்டின் உள்பக்கம் நாலு வரி, உருளையில் அதற்கு நாலு பள்ளம். டார்ச் அடித்து எண்ணினேன். கீழ் உருளையில் ஒரு வரி பள்ளத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் சில்க் போர்டு போவதற்குள் நார்நாராகியிருக்கும். இதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சத்தம் போடாமல் கழற்றித் திரும்ப மாட்டினேன்.

இறுக்கத்துக்கு இன்னொரு சண்டை. கட்டைவிரலால் அழுத்தி, எங்கள் மெஷினுக்கு வைக்கிற அளவு வைத்தேன். அது தையல் மெஷின், இது வண்டி, இன்னும் இறுக்கு என்றார். கடைக்காரர் ரொம்ப இறுக்கினால் பேரிங் போய்விடும் என்றாரே என்றேன். கடைக்காரன் லேத் ஓட்டினானா என்றார். கடைசியில், நீளமான பக்கத்தில் பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்து முறுக்கிப் பார், கால்வாசி திரும்பினால் சரி, அதற்குமேல் திரும்பினால் தளர்வு என்றார். முறுக்கினேன். அதிகமாகவே திரும்பியது. இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். அவர் சொன்னதுதான் சரி.

ஏ.சி. பெல்ட்டையும் போட்டு, தட்டியை மாட்டி, சக்கரத்தை ஏற்றும்போது மூன்றரை மணி. சோறு தின்னவில்லை, நாலு மணிக்கு ஆள் வருவதும் இருவருக்கும் ஞாபகமே இல்லை. பேட்டரி வயரை மாட்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் சந்து முனையில் தெரிந்தார். கூட வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். அவர் என்னைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க," என்று பொதுவாகச் சொன்னார்.

எப்படியும் நான் கிளப்பிப் பார்க்கத்தான் போகிறேன், அவருக்காக அல்ல. உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கீச்சுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. லைட்டைப் போட்டேன், ஏ.சி.யைப் போட்டேன், ஆக்சிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. எடுத்துக்கலாம்," என்றார்.

ஓடாத வண்டியாக இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பான், நன்றாக ஓடவைத்து நானே தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்றிருந்தது. வண்டி என் கணவர் பேரில்தான் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டால் நான் தெருவில் உருண்டாலும் ஒன்றும் ஆகாது. கொழுந்தனார் என் முகத்தைப் பார்க்காமல் பையிலிருந்து ஃபார்மை எடுத்து, ஓர் அட்டையின்மேல் வைத்து, பேனாவோடு அண்ணனின் மடியில் வைத்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் நான் மத்தியானமே சொல்லியாயிற்று. எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் இடது கையால் பேனாவை எடுத்தார். எடுத்துத் தம்பியின் சட்டைப் பையில் செருகினார்.

"நாளைக்கி காலைல ஏழரைக்கி நான் தெரபிக்குப் போவணும்டா," என்றார். "வண்டியக் குடுத்துட்டு எதுல போறது?"

"நீதானண்ணே விக்கணும்னு..."

"நான்தான் சொன்னேன். இப்ப இதையும் நான்தான் சொல்றேன்." வெள்ளைச் சட்டைக்காரரிடம் திரும்பினார். "உங்கள சும்மா அலைய வெச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, காபி சாப்ட்டு போங்க."

பக்கவாதம் வந்ததிலிருந்து யார் கேட்டாலும், 'அவ இழுத்துனு போறா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போவணும் என்று அவர் வாயால் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனேன். பாலை அடுப்பில் வைத்தேன். வெளியே கேட்டுவிடக் கூடாது என்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கழுவாத கையோடு நின்று நன்றாக அழுதேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதற்குள் வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏய், இந்த சக்கரத்துல ஒரு நட்டு இறுக்காம வுட்டுட்ட. வந்து பாரு."